சீட்டில் விழுந்த ‘மாலை 1.30’

நான் ஓய்வு பெற்று வந்த பிறகும் கம்பெனியின் டைம் ஆபீசிலிருந்து அவ்வப்போது போன் வரும். பழைய பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தப் பெட்டிச் சாவி எங்கே என்று கேட்பார்கள். போன வாரம் வந்த போன் வேறு மாதிரி. புதிதாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் போடப் போகிறார்களாம். என் நாற்காலியில் இப்போது இருக்கும் செல்வி கேட்டாள்:

“அண்ணாச்சி, மருந்துச் சீட்டுல மணிய மட்டும் போட்டாப் போதாதா? ‘மதியம் 1.30 மணிக்குள், சாப்பாட்டுக்குப் பிந்துன ரெண்டாவது மணியடி’ன்னு ஒரு முழத்துக்கு வருது. புதுசா எழுதுறவுக பாத்துச் சிரிக்காக. யாரு இப்படி வைக்கச் சொன்னது?”

வைக்கச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், எழுதித் தருகிறேன் என்றேன். இது அதுதான்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீசில் பேப்பர் அடுக்குவது, லாரி புக்கிங் என்று பல வருஷம் சுற்றிவிட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் டைம் ஆபீசில் வந்து உட்கார்ந்தேன். காலையில் வேன்கள் வந்ததும் பேர் வாசிப்பது, எந்த அறையில் யார் என்று எழுதுவது, அரை மணிக்கு ஒரு தடவை வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டில் மணி அடிப்பது, இவ்வளவுதான் வேலை. இந்த மணி அடிப்பதை யாரும் லேசாக எண்ண வேண்டாம். வேலை நடக்கும் அறைக்குள் கைக்கடிகாரம் கட்டக் கூடாது, போன் கூடாது, சுவரில் கடிகாரம் மாட்டக் கூடாது. உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் என்பது என் மணிச் சத்தம் ஒன்றுதான். அதனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு, சரியாகப் பார்த்தோமா என்று இன்னொரு தடவை பார்ப்பேன். வீட்டில் பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

எங்கள் போர்மேன் ஞானமுத்து சார். கம்பெனிக்குள் வெறுங்காலோடுதான் நடப்பார். செருப்பில் ஒரு ஆணி இருந்தாலும் போதும் என்பார். எந்த அறைக்குள் போனாலும் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை உள்ளங்கையால் தொட்டுவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று ஒரு மூச்சு நின்றுதான் நுழைவார். முப்பது அறை சுற்றினால் முப்பது தடவையும் தொடுவார். யாரையும் சத்தம் போட மாட்டார். அதற்கு அவர் சொன்ன காரணம் இது: மருந்து பக்கத்தில் சத்தம் போட்டால் ஆள் திடுக்கிடும், திடுக்கிட்டால் கை உரசும். வேலையை விட்டு அனுப்பும்போதுகூட, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் ‘அம்மா’ போட்டுத்தான் பேசுவார். எழுதுவதை முதலில் பென்சிலில் எழுதுவார். மறுநாள் காலையில் திரும்பப் படித்துவிட்டுத்தான் பேனாவால் மேலே எழுதுவார்.

மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிக்குள் அடைக்கிற பொடிக் கலவையை. அதைத் தனி அறையில் கலப்பார்கள். கலந்ததைத் தட்டில் வைத்து அடைக்கிற அறைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கெடு உண்டு. அந்த நேரத்துக்குள் அடைத்து முடித்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் எரிகுழிக்குப் போக வேண்டும். அறையில் இருக்கவே கூடாது. முன்பெல்லாம் கலக்குகிறவர் தட்டைக் கொடுக்கும்போது, “சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிரு தாயி” என்று வாயால் சொல்வார். தட்டின் ஓரத்தில் சாக்கட்டியால் எடையைக் கிலோவில் எழுதுவார்: 1.30, 1.50, இப்படி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் போயிருக்கும். வாயால் சொல்வது போதாது, எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆனது. கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியது. தட்டு கிளம்பும்போதே அதில் தட்டினால் சீட்டு வரும். என்ன சரக்கு, எந்த அறை, எப்போது முடிக்க வேண்டும். எடை கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்துகொள்ளும். சாக்கட்டி நின்றுபோனது.

புரோகிராம் எழுதிய பெண் கார்த்திகா, காரியாபட்டியிலிருந்து பஸ் மாறி மாறி வருவாள். முதலில் வந்த சீட்டு முழுக்க இங்கிலீஷ். ஞானமுத்து சார் பார்த்துவிட்டு, “இத வாசிக்கப் போறது நானா, அந்த அம்மாக்களா?” என்று மட்டும் கேட்டார். அவள் என்னிடம் வந்தாள்.

“அண்ணாச்சி, மத்ததெல்லாம் மாத்திட்டேன். ஏ.எம்.முக்கு ஒரு தமிழ் வார்த்தை, பி.எம்.முக்கு ஒண்ணு. புரோகிராம்ல ரெண்டு இடந்தான் இருக்கு. சொல்லுங்க.”

“காலை. மாலை.”

அவள் தட்டினாள். மாதிரிச் சீட்டு வந்தது. முடிக்க வேண்டியது: மாலை 12.15.

பன்னிரண்டேகால் எப்படி மாலை ஆகும்? அந்த நேரத்தில் நான் சோற்று மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருப்பேன். கேட்க வாய் வரை வந்தது. அவள் காலேஜ் முடித்தவள். நான் எட்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் இப்படித்தான் போலிருக்கிறது, கேட்டால் சிரிப்பாளோ என்று இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவளும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ‘தமிழ் வாசகம் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எதற்கெல்லாமோ பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய இடத்தில் வாயைத் திறப்பதற்குத்தான் பயந்திருக்கிறேன்.

நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தீபாவளி ஆர்டர் நெருக்கித் தள்ளிய சமயம், ஒருநாள் நாலேகால் மணி இருக்கும். ஞானமுத்து சார் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பேரேட்டோடு பின்னால் போனேன். பதினாலாம் அறையில் பஞ்சவர்ணம் அடைத்துக்கொண்டிருந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆள், ஒன்பது வருஷமாக எங்களிடம் வேலை. கூட அடைக்க வேண்டியவள் அன்றைக்கு வராததால் இரண்டு பேர் மருந்தும் இவள் தலையில். தட்டில் கால்வாசி பாக்கி இருந்தது. ஓரத்தில் சீட்டு: மாலை 1.30.

சார் அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வெளியே வரச் சொன்னார். தட்டைத் தன் கையாலேயே எடுத்து, கலக்குகிறவரை வரவழைத்து எரிகுழிக்கு அனுப்பினார். பிறகுதான் கேட்டார்.

“இது எப்ப முடிக்கணும்மா?”

“சாயங்காலத்துக்குள்ள சார். வேன் வரதுக்கு முன்னாடி.”

“ஒன்றரைன்னு போட்டிருக்கே.”

“அது எடை சார்.”

சார் அவளைப் பார்த்தார். கையில் சீட்டை வைத்துக்கொண்டு இப்படிச் சாக்குச் சொல்கிறாளே என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த ஒரு சொல்லிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அவர்களுக்குத் தட்டில் இருக்கும் நம்பர் என்றால் எடை. மாலையில் ஒன்றரை மணி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அப்படியானால் மாலை தனி, 1.30 தனி. ஒரு கிலோ முந்நூறு, சாயங்காலத்துக்குள் முடி. அவள் சரியாகத்தான் வாசித்திருக்கிறாள்.

கெடு தாண்டிய மருந்தை வைத்திருந்தவர் அன்றைக்கு வேனிலேயே போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது. இது கம்பெனிச் சட்டம்.

“ஒம்பது வருசமா வாறேன் சார். ஒருநா, ஒரு தட்டு மிச்சம் வச்சிருக்கேனா?”

“வைக்கலம்மா. இன்னைக்கு வச்சிருக்கீங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “மாரியப்பா, பேரை எடுத்திரு.”

பேரேடு என் கையில் இருந்தது. ஸ்கேல் வைத்து, கோடு கோணாமல் அடித்தேன்.

மறுநாள் வேன்கள் வருவதற்கு முன்பே போய் சார் மேஜை முன்னால் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன்.

“நீ எப்பப்பா கவனிச்ச?”

“மொதச் சீட்டு வந்த அன்னைக்கே சார்.”

“நேத்து அந்த அம்மா எடைன்னு சொன்னப்ப?”

“அப்பவும் தெரிஞ்சது சார்.”

பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒன்றும் எழுதாமல் திரும்பப் பைக்குள் வைத்தார். பழைய சீட்டுக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். “வா.”

அன்று காலை மருந்து கொடுப்பதை நிறுத்திவைத்துவிட்டு, அறை அறையாக வாசலில் நின்று சீட்டைக் காட்டிக் கேட்டார். ‘காலை 11.30’ என்று இருந்ததை எல்லோரும் பதினொன்றரை மணி என்றே சொன்னார்கள். ‘மாலை 2.15’ என்றதும் ஒருத்தி, “ரெண்டு கிலோ நூத்தம்பது சார், சாயங்காலம் வரைக்கும்” என்றாள்.

“தட்டு அம்புட்டுக் கனமா இருக்காம்மா?”

“இல்லதான். கம்ப்யூட்டரு எடை அப்படித்தான் போலன்னு விட்டுட்டோம்.”

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். “எடை கூடப் போட்டா நமக்கென்ன கொள்ளையாக்கா போகுதுன்னு இவதான் சார் சொன்னா.”

இருபது பேரிடமாவது கேட்டிருப்பார். ஒரே ஒருத்தி மட்டும் அதை மணி என்று சொன்னாள். இத்தனை நாள் மிச்சம் கண்ணில் படாததற்குக் காரணம், இத்தனை குரோஸ் வெடி அடைத்தால் இத்தனை கூலி என்பதால் அவர்களாகவே விரசாக முடித்துவிடுவதுதான்.

புரோகிராமைத் திருத்தியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், செல்விக்கு வேண்டியது அதுதான். கார்த்திகா அடுத்த வாரம் வந்தாள். இரண்டு வார்த்தை போதாது, ஆறு வேண்டும் என்றேன்: விடியக்காலை, காலை, மதியம், சாயங்காலம், அந்தி, ராத்திரி. எதற்கு எது எல்லை என்று தெரிய வேண்டுமே. டீ நேரத்தில் அவளை, வேலை செய்யும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன்.

“பதினொன்றரை காலையா, மதியமா?” என்று அவள் கேட்டாள்.

“அது வயித்தப் பொறுத்தும்மா” என்றாள் ஒருத்தி.

“எங்க மாமியாளுக்கு ஒம்பது மணிக்கே மதியம். பானையத் தெறந்திரும்.”

சிரித்து முடிந்த பிறகு ஒருவழியாக முடிவானது. பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை மதியம். மூன்றரைக்கு டீ குடித்தால் சாயங்காலம். அதோடு ‘மணிக்குள்’ என்ற சொல் நம்பரை ஒட்டியே வர வேண்டும், எடை தனிக் கட்டத்தில் ‘கிலோ’ என்று வர வேண்டும், கடிகாரம் இல்லாதவர்களுக்கு எத்தனையாவது மணியடி என்று வர வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு கார்த்திகா சொன்னாள்:

“மொதல்லயே சொல்லிருந்தா அரை நாள் வேலை அண்ணாச்சி. ஏன் சொல்லல?”

“நீ படிச்ச பிள்ள. ஒனக்குத் தெரியாததான்னு...”

“நான் படிச்சது கம்ப்யூட்டர். இவுக எத்தன மணிக்குச் சாப்பிடுவாகன்னு அதுல ஏது?”

புரோகிராமைத் திருத்துவது அவ்வளவு சுலபமாக இருந்தது. பஞ்சவர்ணம் அப்படி இல்லை.

அறை அறையாகக் கேட்டு முடித்த அன்றைக்கே, “போய்க் கூட்டிட்டு வா” என்று சார் என்னை அனுப்பினார். டி.வி.எஸ். வண்டியில் அவள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது குழாயடியில் குடத்தோடு நின்றாள். கூட நாலைந்து பேர்.

“யாரு, டைம் ஆபீஸ் அண்ணாச்சியா? வாங்க. கோடு ஏதும் விட்டுப்போச்சா, இன்னொண்ணு போட வந்தீகளா?”

சீட்டில்தான் தப்பு, சாருக்குத் தெரிந்துவிட்டது, வேலைக்கு வா என்றேன்.

“சீட்டுல தப்புன்னா யாரு தப்பு?”

“அந்த வார்த்தை சரின்னு கையெழுத்துப் போட்டது நான்.”

“தப்புன்னு தெரியாமப் போட்டீகளா?”

பொய் சொல்லியிருக்கலாம். “உறுத்துச்சு. கேக்கப் பயந்துட்டேன்.”

குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதை இறக்கவில்லை.

“நேத்து வேன்ல ஒருத்தி எம் பக்கத்துல ஒக்காரல அண்ணாச்சி. மருந்த வச்சுக்கிட்டு அத்தன பேரையும் கொல்லப் பாத்தவன்னு காதுபடவே பேசுனாக. எம் புருசன், இனி எந்தக் கம்பெனிக்காரன் ஒன்ன ஏத்துவான்னு கேக்கான். நீங்க இங்கன வந்து குழாயடியில சொன்னா ஆச்சா? அங்கன சொல்லுங்க. கேட்டு வாசல்ல, பேர் வாசிக்கும்போது, அம்புட்டுப் பேர் முன்னாடியும். அப்ப நான் வாறேன்.”

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். “நியாயந்தானே” என்றார்.

மறுநாள் காலையில் ஆறு வேன் ஆட்களும் கேட்டு வாசலில் நின்றார்கள். நான் சொல்லியனுப்பியிருந்ததால் பஞ்சவர்ணமும் கடைசி வேனில் வந்து, கூட்டத்தோடு சேராமல் சுவரோரமாக நின்றாள். பேர் வாசித்து வாசித்துப் பழகிய வாய்தான். ஆனால் அன்றைக்கு மூன்று வரியைத் தாளில் எழுதி வைத்துத்தான் வாசித்தேன். பஞ்சவர்ணம் மேல் தப்பில்லை. சீட்டில் நேரம் தப்பாக வந்தது. தப்பு என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான்.

ஞானமுத்து சார் முன்னால் வந்தார். “இனிமே மிச்சம் இருந்தா கொண்டு வந்து குடுங்கம்மா. குடுக்கிறவங்க பேரை எடுக்க மாட்டேன். என்கிட்ட மறைச்சாத்தான் எடுப்பேன்.” பிறகு, “சட்டத்த அப்படி வச்சது என் தப்பு” என்றார். கம்பெனிச் சட்டத்தை எழுதியது அவர்தான் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

பேர் வாசிக்கத் தொடங்கினேன். பாதியில் இருக்கும்போது சீனியம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள். மூத்த ஆள், ஒன்பதாம் அறை.

“சார், எனக்கும் போன மாசம் மிச்சம் இருந்துச்சு. பக்கத்து ரூம்ல மணின்னு வாசிக்கத் தெரிஞ்ச பிள்ள, நேரம் போயிருச்சேக்கான்னு சொன்ன பெறகுதான் தெரியும். ரெண்டு குத்து மருந்து. சொன்னா வேலை போயிருமேன்னு...”

“எங்கம்மா போட்டீங்க?”

“வாசல்ல மணல் குமிச்சிருக்குல்லா, அதுக்குள்ள பொதச்சுட்டேன்.”

தீப்பிடித்தால் வாளியில் அள்ளிப் போடுவதற்கென்று ஒவ்வொரு அறை வாசலிலும் குவித்து வைத்திருக்கும் மணல் அது. அந்த மருந்தில் அலுமினியப் பொடி உண்டு. ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. எத்தனையோ தடவை பூட்டை இழுத்துப் பார்த்தவனுக்கு, நான் தினமும் தாண்டிப் போன அந்த மணலைப் பற்றி ஒருநாளும் தோன்றியதில்லை.

சார் குரலை உயர்த்தவில்லை. எல்லோரையும் கேட்டுக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். அவரும் கலக்குகிறவரும் மட்டும் உள்ளே போனார்கள். மண்வெட்டி எடுக்கவில்லை; அட்டைத் துண்டால், கோலப்பொடி அள்ளுகிற மாதிரி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி அட்டைப் பெட்டியில் போட்டு, பெட்டியை எரிகுழிப் பக்கம் சுமந்து போனார்கள். மற்ற அறைகளின் மணலையும் கிளறிப் பார்த்துவிட்டு வருவதற்குள் காலை வேலையில் பாதி போய்விட்டது. அதுவரை ரோட்டோரத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. சீனியம்மா அழுதுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது பஞ்சவர்ணம்.

சார் வந்து பதிவேட்டைக் கேட்டார். நடந்ததை என்னை எழுதச் சொன்னார். எழுதினேன்: ஒன்பதாம் அறை வாசல் மணலில் இருந்த மருந்து காலை 10.40 மணிக்கு அகற்றப்பட்டது. கையெழுத்துப் போட பேனாவை வைத்தவன், எடுத்துவிட்டேன். பதிவேட்டைத் திருப்பிப் பஞ்சவர்ணத்திடம் நீட்டினேன்.

“இத வாசிச்சு, என்ன அர்த்தம்னு சொல்லு தாயி.”

ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்திருக்காக என்றாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.